சூடானதும் மந்தமாகும் எக்ஸ்கவேட்டர்: பம்பைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டிய ஒரு எர்த் ஒயர்

20 டன் வகை எக்ஸ்கவேட்டர். இரண்டு மெயின் பம்ப், இரண்டையும் கன்ட்ரோலரே (மெஷினின் கம்ப்யூட்டர்) கூட்டிக் குறைக்கும் வகை. காலையில் ஸ்டார்ட் செய்தால் நன்றாக ஓடுகிறது. இரண்டு மணி நேரம் போல வேலை செய்து ஹைட்ராலிக் ஆயில் நன்றாகச் சூடானதும் மெஷின் மந்தமாகிவிடுகிறது. இன்ஜின் திணறவில்லை, கரும்புகை இல்லை, மானிட்டரில் எரர் கோடு ஒன்றுகூட இல்லை. ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தால் மறுபடியும் பழையபடி ஓடுகிறது.

நான் போவதற்கு முன்பே நிறைய வேலை நடந்திருந்தது. ஆயில் மாற்றியாகிவிட்டது, ரிட்டர்ன் ஃபில்டரும் பைலட் ஃபில்டரும் மாற்றியாகிவிட்டது, பம்பின் புரோபோர்ஷனல் வால்வுக்கு (கரண்டுக்கு ஏற்பப் பிரஷர் கொடுக்கும் வால்வு) புது காயில் போட்டாகிவிட்டது, இரண்டு பம்ப் பிரஷர் சென்சார்களையும் இடம் மாற்றிப் பார்த்தும் குறை இடம் மாறவில்லை. எனவே பம்ப் தேய்ந்துவிட்டது, சூட்டில் ஆயில் இளகியதும் உள்ளுக்குள் கசிகிறது, பம்பைக் கழற்றலாம் என்று முடிவுக்கு வந்திருந்தார்கள். இந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். சூடானதும் மந்தம் என்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது உள்கசிவுதான், பத்தில் பாதிக்கு மேல் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் பம்பைக் கழற்றுவது சின்ன வேலை இல்லை, ஒரு முறை கழற்றினால் அழுக்கு உள்ளே போகிற ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. அதனால்தான் கழற்றுவதற்கு முன் குறை ஆயிலில் இருக்கிறதா, மின்சாரத்தில் இருக்கிறதா என்பதை அளந்து பிரித்துவிட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் பிடிவாதமாகச் சொல்வது.

ஆபரேட்டர் சொன்ன இரண்டு விஷயங்கள்

மெஷினில் கை வைப்பதற்கு முன் ஆபரேட்டரிடம் கொஞ்ச நேரம் பேசினேன். எந்த வேலையில் மந்தம் என்று கேட்டபோது அவர் சொன்னது: "கெட்டி மண்ணைக் குத்தித் தோண்டும்போது பலம் இருக்குண்ணே. சும்மா தூக்கி இறக்கினாலும் வேகம் இருக்கு. பக்கெட் நிறைய மண்ணோட பூமைத் தூக்கிக்கிட்டே திரும்பும்போதுதான் டல் அடிக்குது." இரண்டாவது விஷயத்தை அவர் குறையாகவே சொல்லவில்லை, போகிறபோக்கில் சொன்னார். லீவரை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் சில நொடிகளில் இன்ஜின் வேகம் தானாக இறங்க வேண்டும், அந்த ஆட்டோ ஐடில் காலையில் வேலை செய்கிறது, மதியத்துக்குமேல் செய்வதில்லை என்றார். அது வேறு ஏதோ சுவிட்ச் கோளாறு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் விட்டிருக்கிறார்கள்.

இந்த இரண்டும் தேய்ந்த பம்போடு பொருந்தவில்லை. உள்கசிவு என்பது பிரஷர் ஏற ஏறக் கூடும். பம்ப் தேய்ந்திருந்தால் கெட்டி மண்ணைக் குத்தும்போதுதான் குறை அதிகமாகத் தெரிய வேண்டும். இங்கே உச்சப் பிரஷரில் நன்றாக இருக்கிறது, நடுத்தரப் பிரஷரில் மந்தம். ஆட்டோ ஐடிலோ, லீவர் நடுவில் இருக்கிறதா இல்லையா என்று பைலட் பிரஷர் (லீவர் அசைவை மெயின் வால்வுக்குக் கொண்டுபோகும் குறைந்த பிரஷர்) சென்சார்கள் சொல்வதை வைத்துக் கன்ட்ரோலர் எடுக்கிற முடிவு. தேய்ந்த மெயின் பம்புக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது. ஒரே சூட்டில், ஒரே நேரத்தில் இரண்டு குறை வருகிறது என்றால் இரண்டுக்கும் பொதுவாக ஏதோ ஒன்று இருக்கிறதா என்று தேடுவதுதான் என் வழக்கம்.

கட்டளையும் செயலும்

முதலில் எளிதானவற்றை முடித்தேன். பேட்டரி, சார்ஜிங் சரி: இன்ஜின் ஓடும்போது 28 வோல்ட். எல்லா விளக்குகளையும் போட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே மீட்டரை வைத்தால் 30 மில்லி வோல்ட்தான் விழுகிறது, ஆகவே பாடி எர்த் நன்றாக இருக்கிறது. ஃபியூஸ்களின் கால்கள் இறுக்கம். பைலட் பிரஷர் 39 பார், சூட்டிலும் அசையவில்லை.

அப்புறம் கேஜ் பொருத்தினேன். கேஜ் பொருத்தும் விஷயத்தில் ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். பக்கெட்டைத் தரையில் வைத்து, இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆன் செய்து, லாக் லீவரைத் திறந்து, லீவர்களை எல்லாப் பக்கமும் அசைத்துப் பிரஷரை இறக்கி, டேங்கில் நிற்கும் காற்றழுத்தத்தையும் வெளியே விட்ட பிறகுதான் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டும். ஊசியாகப் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது, உள்ளே சதை கெட்டுக்கொண்டிருக்கும். அப்படி நேர்ந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவை விரலால் தடவிப் பார்க்கிற பழக்கம் யாருக்கு இருந்தாலும் அதைத் தடுத்து நிறுத்துங்கள்.

மெயின் பம்ப் இரண்டுக்கும் 600 பார் கேஜ், புரோபோர்ஷனல் வால்வின் வெளியீட்டுக்கு 60 பார் கேஜ், காயிலோடு வரிசையாக ஒரு ஆம்ப் மீட்டர். இந்த மெஷினில் காயிலுக்குப் போகும் கரண்ட் கூடினால் வால்விலிருந்து பம்ப் ரெகுலேட்டருக்குப் போகும் பிரஷர் கூடும், பம்பின் ஓட்டம், அதாவது அது தள்ளும் ஆயிலின் அளவு, குறையும். வேறு சில மெஷின்களில் இது நேர்மாறு, கரண்ட் கூடினால் ஓட்டம் கூடும். உங்கள் மெஷின் எந்த வகை என்று சர்வீஸ் மேனுவலில் உறுதி செய்துகொள்ளாமல் அளந்தால் எல்லாமே தலைகீழாகப் புரியும்.

குளிர்ந்த நிலையில், மண் நிறைந்த பக்கெட்டோடு பூமைத் தூக்கிக்கொண்டே திரும்பும்போது காயிலில் சுமார் 320 மில்லி ஆம்ப். அதே வேலை, அதே மோடு, அதே இன்ஜின் வேக டயல் நிலையில் சூடானதும் 390. கரண்ட் ஏறிய அளவுக்கு வால்வின் வெளியீட்டுப் பிரஷரும் ஏறியது, பம்பும் அதற்கேற்பக் குறைத்துக்கொண்டது. அதாவது வால்வு, ரெகுலேட்டர், பம்ப் மூன்றும் சொன்ன சொல்லைக் கேட்கின்றன. பம்பைக் குறை என்று கட்டளை போடுவது கன்ட்ரோலர். இந்த ஒரு அளவிலேயே பம்பைக் கழற்றும் பேச்சை நிறுத்திவிட்டேன்.

காயிலை மாற்றியது ஏன் பலன் தரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். செப்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் சூட்டில் ஏறும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம். 25 டிகிரியில் 17 ஓம் இருந்த காயில் 85 டிகிரியில் 21 ஓம் காட்டும். இதைப் பார்த்து காயில் போய்விட்டது என்று மாற்றுகிறவர்கள் நிறைய பேர். ஆனால் புரோபோர்ஷனல் வால்வுக்குக் கன்ட்ரோலர் கொடுப்பது நிலையான வோல்ட் கிடையாது. வேகமாக ஆன், ஆஃப் செய்து, திரும்பிவரும் கரண்டை அளந்து, வேண்டிய கரண்ட்டுக்கு அதுவே சரிசெய்துகொள்ளும். 21 ஓமில் 0.7 ஆம்ப் ஓட்டினாலும் 15 வோல்ட்டுக்குள்தான் தேவை, நம்மிடம் 28 இருக்கிறது. ஆகவே காயில் சூடானதால் மட்டும் இந்த வேலை கெடாது.

கேஜ் ஒன்று சொல்ல, மானிட்டர் ஒன்று சொல்ல

கன்ட்ரோலர் ஏன் பம்பைக் குறைக்கச் சொல்கிறது? அதற்கு உள்ளே வருகிற தகவல்கள் நான்கைந்துதான். இன்ஜின் வேகம், டயல் நிலை, ஆயில் சூடு, பம்ப் பிரஷர்கள், பைலட் பிரஷர்கள். இன்ஜின் வேகம் கேட்ட அளவிலிருந்து இறங்கவில்லை, டயல் மானிட்டரில் சரியாக வருகிறது, ஆயில் சூடு 80 டிகிரியைத் தாண்டவில்லை, பலத்தைத் தானாகக் குறைக்கும் அளவுக்கு அது சூடே இல்லை. மிச்சம் இருப்பது பிரஷர் சென்சார்கள்.

மானிட்டரின் சர்வீஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேஜோடு ஒப்பிட்டேன். மெஷின் சூடாக இருக்கும்போது, லீவர் நடுவில், கேஜ் 30 பார், மானிட்டர் 72. நடுத்தர வேலையில் கேஜ் 180, மானிட்டர் 210. பூமைக் கடைசிவரை தூக்கிப் பிடித்து ரிலீஃப் (உச்சப் பிரஷரைத் தாண்டவிடாத வால்வு) திறக்கும்போது கேஜ் 343, மானிட்டர் 360. இரண்டு பம்புக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அப்புறம் இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆனில் வைத்து, லீவர்களை அசைத்துப் பிரஷரை முழுக்க இறக்கிவிட்டுப் பார்த்தால், கேஜ் பூஜ்யம், மானிட்டர் 45 பார். பைலட் சென்சார்களும் லீவரே தொடாமல் நாலரை பார் காட்டின. இந்தக் கன்ட்ரோலர் 3 பாரைத் தாண்டினால் லீவரில் கை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். ஆட்டோ ஐடில் இறங்காததற்குக் காரணம் அதுதான்.

ஒரு சென்சார் தப்பாகச் சொன்னால் சென்சாரைச் சந்தேகப்படலாம். அத்தனை சென்சாரும் ஒரே நேரத்தில், ஒரே பக்கமாக, மேல்நோக்கித் தப்புச் சொன்னால் அவற்றுக்குப் பொதுவான ஒயரைத்தான் சந்தேகப்பட வேண்டும். முன்பு சென்சாரை இடம் மாற்றிப் பார்த்தவர் செய்தது நல்ல சோதனைதான், அதிலிருந்து தெரிவது சென்சார்கள் நல்லவை என்பது மட்டுமே. சென்சாருக்கு வரும் ஒயரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

கணக்கு

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் குறை எந்த ஒயரில் என்பதை ஒயரைத் தொடாமலே கணக்கில் கண்டுபிடிக்கலாம்.

இந்தச் சென்சார்களுக்கு மூன்று ஒயர். ஒன்றில் கன்ட்ரோலர் 5 வோல்ட் கொடுக்கிறது, ஒன்று சிக்னல், ஒன்று எர்த். பிரஷர் பூஜ்யம் என்றால் சிக்னல் 0.5 வோல்ட், முழு அளவு என்றால் 4.5. பம்ப் சென்சாரின் முழு அளவு 500 பார், பைலட் சென்சாருக்கு 50 பார். இந்த வகைச் சென்சார் தனக்குக் கிடைக்கிற சப்ளையின் விகிதமாகத்தான் சிக்னலைக் கொடுக்கும், பூஜ்யத்தில் சப்ளையின் பத்தில் ஒரு பங்கு, உச்சத்தில் பத்தில் ஒன்பது பங்கு.

எர்த் ஒயரில் எங்கோ ரெசிஸ்டன்ஸ் ஏறி, சென்சாரின் எர்த் 0.4 வோல்ட் மேலே தூக்கி நிற்கிறது என்று வையுங்கள். சென்சாருக்குக் கிடைப்பது 4.6 வோல்ட்தான். பூஜ்யப் பிரஷரில் அது 0.46 கொடுக்கும், ஆனால் அது நிற்கிற தரையே 0.4 உயரத்தில் இருக்கிறது, கன்ட்ரோலருக்குத் தெரிவது 0.86. அதைப் பிரஷராக மாற்றினால் 45 பார். தட்டில் ஏற்கெனவே ஒரு கல்லை வைத்துவிட்டு எடை போடுகிற தராசு மாதிரிதான். ஆனால் உச்சத்தில் என்ன ஆகிறது? 4.6-இல் பத்தில் ஒன்பது பங்கு 4.14, அதோடு 0.4 கூட்டினால் 4.54. வர வேண்டியது 4.5. அங்கே பிழை கிட்டத்தட்ட இல்லை. ஆகவே எர்த் பக்கக் குறை அடிமட்டத்தைத் தூக்கும், உச்சத்தை அதிகம் தொடாது. 5 வோல்ட் பக்கத்து ஒயரில் குறை என்றால் இதற்கு நேர்மாறு: பூஜ்யம் 0.5-க்குப் பதில் 0.46, அது கண்ணுக்கே தெரியாது, உச்சத்தில்தான் எண்கள் நிறையக் குறைந்து வரும்.

கேஜும் மானிட்டரும் காட்டிய எண்களைத் திரும்பப் பாருங்கள். பூஜ்யத்தில் 45 பார் பிழை, 30-இல் 42, 180-இல் 30, 343-இல் 17. பிரஷர் ஏற ஏறப் பிழை சுருங்குகிறது. எர்த் ஒயர் என்று அந்த எண்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டன.

மந்தம் ஏன் நடுத்தர வேலையில் மட்டும் என்பதும் இதில் விளங்கிவிடுகிறது. இன்ஜின் தாங்கும் அளவுக்குள் பிரஷரையும் ஓட்டத்தையும் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்கிறது. பிரஷர் ஏறினால் ஓட்டத்தைக் குறைக்கும். உண்மையில் 180 இருக்கும்போது 210 என்று நம்பினால், ஓட்டத்தை ஏழில் ஒரு பங்கு வீணாகக் குறைத்துவிடும். வெறும் பக்கெட்டைத் தூக்கும்போது பிரஷர் குறைவு, பம்ப் முழு ஓட்டத்தில்தான் இருக்கிறது, அங்கே தப்பான எண்ணால் பாதிப்பு வராது. கெட்டி மண்ணைக் குத்தும்போது பிழை சிறிது, அதோடு அங்கே எப்படியும் வேகம் குறைவு, ஆபரேட்டருக்குத் தெரியாது. வழக்கமாகச் செய்யும் வேகச் சோதனை வெறும் பக்கெட்டோடுதான், அதில் இந்த மெஷின் ஒவ்வொரு முறையும் தேறிக்கொண்டே இருந்திருக்கிறது.

எரர் கோடு ஏன் வரவில்லை? சிக்னல் வோல்ட் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கோ 5-க்கோ போனால்தான் ஒயர் கட், ஷார்ட் என்று கன்ட்ரோலர் கோடு போடும். 0.86 வோல்ட் அதன் கண்ணுக்கு ஆரோக்கியமான ஒரு பிரஷர், சந்தேகப்பட அதற்குக் காரணமே இல்லை. கோடு வந்தால் அது நல்ல வழிகாட்டி, ஜே1939 முறையில் (கனரக வாகனக் கன்ட்ரோலர்களுக்கான பொது முறை) எஃப்எம்ஐ, அதாவது குறையின் வகையைச் சொல்லும் எண், 3 என்றால் வோல்ட் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ், 5 என்றால் கரண்ட் குறைவு அல்லது ஒயர் கட், 6 என்றால் கரண்ட் அதிகம் அல்லது எர்த்தோடு ஷார்ட். ஆனால் கோடு இல்லை என்பதை வைத்து மின்சாரத்தில் குறை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

பீப் சத்தத்தை நம்ப வேண்டாம்

முன்பு வந்த எலக்ட்ரீஷியன் இந்த எர்த் ஒயரைச் சோதிக்காமல் விடவில்லை. மல்டிமீட்டரை பஸரில் வைத்து, சென்சார் கனெக்டரிலிருந்து கன்ட்ரோலர் வரைக்கும் பார்த்திருக்கிறார், பீப் அடித்திருக்கிறது, ஒயர் நல்லது என்று எழுதிவைத்திருக்கிறார். பெரும்பாலான மீட்டர்களில் 20, 30 ஓமுக்குக் கீழே எதுவாக இருந்தாலும் பஸர் அடிக்கும். இந்த ஒயருக்கு ஆறேழு ஓமே அதிகம். ஆறு சென்சார்களின் கரண்ட் சேர்ந்து சுமார் 60 மில்லி ஆம்ப் அந்த ஒரே எர்த் வழியாகத் திரும்புகிறது. 0.4 வோல்ட்டை 0.06 ஆம்ப்பால் வகுத்தால் கிடைப்பது ஆறரை ஓமுக்குச் சற்று மேல். பஸருக்கு அது நல்ல ஒயர், சென்சாருக்கு அது கெட்ட ஒயர். போதாததற்கு அவர் அளந்தது குளிர்ந்த மெஷினில், அப்போது அது ஒரு ஓம்கூட இருந்திருக்காது.

ஆகவே கரண்ட் ஓடும்போது, குறை இருக்கும்போது, வோல்ட் எவ்வளவு விழுகிறது என்று அளப்பதுதான் வழி. மெஷினை நன்றாக வேலை வாங்கிச் சூடாக்கி, இன்ஜினை நிறுத்தி, சாவி ஆன். மீட்டரின் கறுப்பு ஒயரை கன்ட்ரோலரின் சென்சார் எர்த் பின்னில், கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய பின் நுழைத்து வைத்தேன். சிவப்பை முதலில் பம்ப் சென்சாரின் எர்த் பின்னில்: 0.41 வோல்ட். அடுத்த சென்சாரிலும் அதே 0.41. பைலட் சென்சாரிலும் அதே. அப்புறம் கேபினுக்கும் பம்ப் அறைக்கும் நடுவே தடுப்பில் இருக்கும் பெரிய கனெக்டரில்: 4 மில்லி வோல்ட். கன்ட்ரோலரிலிருந்து அந்தக் கனெக்டர்வரை ஒயர் சுத்தம். கனெக்டரைத் தாண்டியதும், சென்சார்களுக்குப் பிரிவதற்கு முன்பு, முழங்கை நீள ஒயருக்குள் 0.4 வோல்ட் காணாமல் போகிறது.

அந்த இடத்தில் ஹார்னஸை (ஒயர்க் கட்டு) கையால் பிடித்து மெதுவாக வளைத்ததும் மீட்டரில் எண் 0.41-இலிருந்து 0.12-க்குக் குதித்து, விட்டதும் மறுபடி ஏறியது. மெஷின் ஆறி எண் இறங்கிய பிறகு, ஹாட் ஏர் கன்னை மிதமாக வைத்து அந்த இடத்தில் மட்டும் காட்டினேன், 0.05-இலிருந்து மெல்ல மெல்ல 0.4-க்கு வந்து நின்றது. இதற்குமேல் உறுதி தேவையில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு டேப்பைப் பிரித்தேன்.

உள்ளே ஆறு சென்சார்களின் எர்த் ஒயர்களையும் ஒரே ஒயராகச் சேர்க்கும் ஜாயின்ட். கம்பெனி போட்ட கிரிம்ப்தான் (ஒயர்களை நசுக்கி இறுக்கிப் பிடிக்கும் உலோகத் துண்டு), சாதாரண டேப் சுற்றியிருந்தது. பிரிக்கும்போதே டேப்பின் உள்பக்கம் ஈரம். செப்பு இழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன, கிரிம்பின் உள்ளே ஒயரை லேசாக இழுத்தால் சுழன்றது. சூட்டில் அந்தக் கிரிம்ப் விரிந்து பிடி தளரும்போது ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கிறது, ஆறியதும் மறுபடி இறுகியிருக்கிறது. தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று தேடினால், ஜாயின்ட்டுக்கு ஒரு சாண் மேலே, சேர்ந்து வரும் அந்த ஒயரின் தோலில் ஊசி முனை அளவு ஓட்டை. யாரோ எப்போதோ மீட்டரின் கூர்முனையை ஒயருக்குள் குத்தி அளந்திருக்கிறார்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது உள்ளே இறங்கி, செப்பு இழைகளுக்கு நடுவே ஊறி ஊறி, ஹார்னஸ் தொங்கும் தாழ்ந்த இடத்தில் இருந்த ஜாயின்ட்டில் வந்து தேங்கியிருக்கிறது. ஒயரைக் குத்தி அளக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதற்காகத்தான். அளந்து முடித்ததும் அளந்தவர் போய்விடுவார், ஓட்டை ஒயரிலேயே இருந்துகொண்டிருக்கும்.

சரிசெய்தது

சுலபமான ஒரு யோசனை அங்கேயே வந்தது: சென்சார் எர்த்திலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு ஒயர் இழுத்துவிட்டால் முடிந்ததே என்று. செய்தால் அன்றைக்கு மெஷின் ஓடும். ஆனால் சென்சார் எர்த்தும் பாடி எர்த்தும் ஒன்றல்ல. பாடி எர்த்தில் சோலனாய்டு, விளக்கு, ஹார்ன், ஏசி கம்ப்ரஸர் கிளட்ச் என்று எல்லாவற்றின் கரண்டும் ஓடுகிறது, ஒவ்வொன்றும் ஆன் ஆகும்போது பாடியின் வோல்ட் கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டம் அப்படியே பிரஷர் சிக்னலில் ஏறிவிடும், ஹார்ன் அடித்தால் பம்ப் குலுங்குகிறது என்று அடுத்த புகார் வரும். கன்ட்ரோலர் தனியாக ஒரு பின் வைத்து அந்த எர்த்தை உள்ளே வாங்குவது அதனால்தான், அதை அப்படியே தனியாக வைத்திருக்க வேண்டும்.

கெட்ட ஜாயின்ட்டை இரண்டு பக்கமும் பளபளப்பான செப்பு தெரிகிறவரை வெட்டினேன். ஓட்டை விழுந்த ஒயரை அந்த நீளத்துக்கு முழுதாக மாற்றினேன், ஏனென்றால் ஒரு சாண் தூரமும் உள்ளுக்குள் கறுத்துப்போயிருந்தது, மேலே டேப் சுற்றிப் பலனில்லை. புது கிரிம்ப், அதன்மேல் உள்ளே பசை உருகும் ஹீட் ஷ்ரிங்க். ஈயம் வைத்துப் பற்றவைக்கவில்லை, குலுங்கிக்கொண்டே இருக்கிற ஹார்னஸில் ஈயம் ஊறிய இடம் விறைத்துப்போய் அதன் ஓரத்தில் இழைகள் ஒடியும். ஜாயின்ட்டைத் தாழ்ந்த இடத்திலிருந்து நகர்த்தி, மேல்நோக்கிப் போகும் பகுதியில் கிளாம்ப் போட்டு நிறுத்தினேன். அந்தத் தடுப்புக் கனெக்டரையும் திறந்து பின்களைப் பார்த்தேன், ரப்பர் சீல் நன்றாக இருந்தது, தொடவில்லை.

பிறகு மறுபடி வேலை வாங்கி, அதே அளவு சூடாக்கி, அதே இடங்களில் அளந்தேன். எர்த்தில் விழும் வோல்ட் 6 மில்லி வோல்ட். சாவி ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் பம்ப் பிரஷர் இரண்டும் மானிட்டரில் ஒரு பாருக்குள். 180 பார் வேலையில் கேஜுக்கும் மானிட்டருக்கும் வித்தியாசம் சொல்லும்படி இல்லை. காயில் கரண்ட் சூட்டிலும் 320-ஐ ஒட்டியே நின்றது. மண்ணோடு தூக்கித் திரும்பும் வேகம் காலையில் இருந்ததுபோலவே இருக்கிறது என்று ஆபரேட்டர் சொன்னார், ஆட்டோ ஐடிலும் தானாகவே சரியாகிவிட்டது, அதற்கென்று தனியாக எதையும் தொடவில்லை.

இதே மாதிரிப் புகார் உங்களிடம் வந்தால் சாவி ஆன், இன்ஜின் ஆஃப், பிரஷரை இறக்கிவிட்டு மானிட்டரைப் பார்க்கிற சோதனையை முதலில் செய்யுங்கள், ஒரு நிமிட வேலை, கருவி எதுவும் வேண்டாம், ஆனால் குறை இருக்கும்போது, மெஷின் ஆறுவதற்கு முன்பு செய்ய வேண்டும். எல்லாச் சென்சாரும் சேர்ந்து மேலே நின்றால் பொது எர்த்தைப் பாருங்கள். ஒரு சென்சார் மட்டும் மேலே நின்றால் அந்தச் சென்சாரின் கனெக்டர், அல்லது பொது ஜாயின்ட்டுக்கும் அதற்கும் நடுவே உள்ள கிளை ஒயர், கடைசியாகத்தான் சென்சார். பூஜ்யம் சரியாக இருந்து உச்சத்தில் மட்டும் எல்லாம் குறைவாக வந்தால் 5 வோல்ட் பக்கம். 5 வோல்ட் முழுக்கவே விழுந்து, வரிசையாக எல்லாச் சென்சாருக்கும் கோடு வந்தால், ஏதோ ஒரு சென்சாரோ ஒயரோ ஷார்ட். கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்ப வருகிறதோ அந்தக் கிளையில்தான் ஷார்ட், அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் பொது ஹார்னஸில் தேட வேண்டும். சில மெஷின்களில் சென்சார்களுக்கு இரண்டு மூன்று தனித்தனி எர்த் பின்கள் இருக்கும், அங்கே பம்ப் சென்சார்கள் மட்டும் தூக்கி நின்று பைலட் சென்சார்கள் சரியாக இருக்கலாம், ஆகவே அளக்க ஆரம்பிப்பதற்கு முன் எந்தச் சென்சார் எந்தப் பின்னில் சேர்கிறது என்று வயரிங் படத்தில் குறித்துக்கொண்டு போங்கள்.